வருமான வரித் தாக்கல்: ஏப்ரல் 18க்குள் என்ன செய்யணும், எதைப் பார்க்கணும்? சிங்கப்பூரில் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

மார்ச் பிறந்தால் போதும், கோப்பிக்கடையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வரும். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வரியே வராது, வந்தாலும் சில நூறு வெள்ளிதான், ஆனாலும் பயம் மட்டும் குறைவதில்லை. பயப்பட வேண்டிய இடம் வேறு. திரையில் ஏற்கெனவே நிரப்பி வந்திருப்பதைப் பார்க்காமல் அழுத்துவதும், வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் விடுவதும்தான் ஆளைச் சிக்க வைக்கின்றன. அதை மனத்தில் வைத்துத்தான் பதில்களை எழுதியிருக்கிறேன்.

கடைசி நாள் எது? ஒவ்வொரு வருடமும் மாறுமா?

ஏப்ரல் 18. மாறாது. இணையத்தில் தாக்கல் செய்ய மார்ச் 1 அன்று கதவு திறக்கும், ஏப்ரல் 18 அன்று மூடும். தாளில் நிரப்பி அனுப்புகிறவர்களுக்கு ஏப்ரல் 15, ஆனால் இப்போது தாளில் அனுப்புகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏப்ரல் 18 இரவு பதினொன்றரைக்குச் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழையும் அடையாளம்) கடவுச்சொல்லை மறந்துவிட்டு உட்காரும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

எந்த வருடத்துக் கணக்கைக் காட்டுகிறோம்?

முந்தைய காலண்டர் ஆண்டின் கணக்கை. 2025 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை சம்பாதித்ததை 2026 மார்ச், ஏப்ரலில் காட்டுகிறீர்கள், அதற்குப் பெயர் 2026 மதிப்பீட்டு ஆண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று கூட்டிப் பார்த்துவிட்டு, கம்பெனி கொடுத்த தொகை தப்பு என்று மனிதவளத் துறையோடு சண்டைக்குப் போவதுண்டு. இங்கே அந்தக் கணக்கு கிடையாது, ஜனவரி முதல் டிசம்பர்தான்.

யாரெல்லாம் தாக்கல் செய்ய வேண்டும்?

ஆண்டு வருமானம் 22,000 வெள்ளிக்கு மேல் போனவர்கள். சொந்தத் தொழில் செய்கிறவர்களில், செலவு போக நிகர வருமானம் 6,000 வெள்ளிக்கு மேல் வந்தவர்கள். இங்கே வசிப்பவராக இல்லாமல் இங்கிருந்து வருமானம் பெற்றவர்கள். இதோடு நான்காவதாக ஒரு கூட்டம் உண்டு, பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: வருமானம் எவ்வளவாக இருந்தாலும், தாக்கல் செய்யும்படி ஐராஸ், அதாவது உள்நாட்டு வருவாய் ஆணையம், கடிதமோ எஸ்எம்எஸ்ஸோ அனுப்பியிருந்தால் நீங்கள் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

போன வருடம் முழுக்க வேலையே இல்லை. கடிதம் வந்திருக்கிறது. அதற்கும் தாக்கலா?

ஆமாம். பூஜ்யம் என்று போட்டு அனுப்புங்கள், ஐந்து நிமிட வேலை. 'வரி கட்ட வேண்டியதில்லை' என்பதும் 'தாக்கல் செய்ய வேண்டியதில்லை' என்பதும் வேறு வேறு. வருமானமே இல்லாத மனிதர் பதில் போடாததற்காகத் தாமதக் கட்டணம் கட்டுவது எவ்வளவு எரிச்சல் என்று நினைத்துப் பாருங்கள்.

'தாக்கல் தேவையில்லை' என்றே எஸ்எம்எஸ் வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா?

பாதி நிம்மதி. உங்கள் சம்பளமும் போன வருடக் கழிவுகளும் (வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகைகள்) ஐராஸிடம் ஏற்கெனவே இருப்பதால், அதை வைத்து நாங்களே கணக்குப் போட்டுக்கொள்கிறோம் என்பதுதான் அந்தச் செய்தியின் பொருள். சிலருக்கு நேரடியாக மதிப்பீட்டு அறிவிப்பே, நாம் சொல்லும் வரி பில், வந்துவிடும். ஆனால் உங்களுக்கு வாடகை வருமானம் இருப்பதோ, சனிக்கிழமைகளில் டியூஷன் எடுப்பதோ, போன வருடம் அம்மாவுக்காக எடுத்த கழிவு இந்த வருடம் பொருந்தாது என்பதோ அவர்களுக்குத் தெரியாது. அதையெல்லாம் சொல்ல வேண்டியது நீங்கள்தான். ஐராஸின் மைடாக்ஸ் போர்ட்டல் என்ற இணையத்தளத்துக்குள் போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் வேலை எதுவும் இல்லை.

கம்பெனியே சம்பள விவரத்தை அனுப்பிவிடும் என்கிறார்களே?

ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிகள் மார்ச் 1க்குள் சம்பள விவரத்தை ஐராஸுக்கு மின்வழியில் அனுப்பியாக வேண்டும். அது உங்கள் படிவத்தில் தானாக ஏறியிருக்கும், நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் சின்னக் கடையாக இருந்தால் முதலாளி இப்படி மின்வழியில் அனுப்பும் திட்டத்தில் இல்லாமல் இருக்கலாம். அப்போது ஐஆர்8ஏ என்ற சம்பள விவரத் தாளை மார்ச் 1க்குள் உங்கள் கையில் கொடுக்க வேண்டும், அதைப் பார்த்து நீங்களே நிரப்ப வேண்டும். வருட நடுவில் வேலை மாறியவர்கள் இரண்டு கம்பெனிச் சம்பளமும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய முதலாளி சின்னக் கடை, புது முதலாளி பெரிய கம்பெனி என்றால் பழையதுதான் விட்டுப்போகும்.

திரையில் உள்ள தொகை தப்பு என்று தெரிந்தால் நீங்களாகத் திருத்தப் பார்க்காதீர்கள். கம்பெனியிடம் சொல்லி அவர்கள் திருத்தி அனுப்ப வேண்டும்.

எனக்கு எவ்வளவு வரி வரும்?

முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 10,000க்கு 2 விழுக்காடு, அதற்கடுத்த 10,000க்கு 3.5, அதற்கடுத்த 40,000க்கு 7, அதற்கடுத்த 40,000க்கு 11.5. இப்படியே ஏறிக்கொண்டு போய், பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் போகும் பகுதிக்கு 24 விழுக்காடு. அந்தக் கவலை உங்களுக்கு இருந்தால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள், கணக்காளர் படித்துக்கொண்டிருப்பார்.

ஓர் உதாரணம் போடலாம். வயது நாற்பது, மாதச் சம்பளம் 4,500 வெள்ளி, பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் சேர்த்து வருடத்துக்கு 58,500. ஊழியர் பங்கான மசேநிதி (மத்திய சேமநிதி) 20 விழுக்காடு, அதாவது 11,700 வெள்ளி, கழிந்துவிடும். சம்பாதிக்கிறவர் என்பதற்காகவே ஒரு 1,000 வெள்ளி கழியும் (55 வயதிலிருந்து அது 6,000, 60 வயதிலிருந்து 8,000). மிச்சம் 45,800. இதற்கு வரி: முதல் 40,000க்கு 550 வெள்ளி, மேலே உள்ள 5,800க்கு 7 விழுக்காடு 406 வெள்ளி, மொத்தம் 956. இவரோடு அப்பா ஒரே வீட்டில் இருந்து, அவருக்கான 9,000 வெள்ளிக் கழிவும் கிடைத்தால் வரி விதிக்கும் தொகை 36,800 ஆகும், வரி 438க்கு இறங்கிவிடும். ஒரே ஒரு கழிவில் 518 வெள்ளி மிச்சம். தேசிய சேவைக் கழிவும் சேர்ந்தால் இன்னும் குறையும், அது தானாகவே ஏறும். சில வருடங்களில் வரவுசெலவுத் திட்டத்தில் தள்ளுபடியும் அறிவிப்பார்கள். 2025 மதிப்பீட்டு ஆண்டுக்கு வரியில் 60 விழுக்காடு, அதிகபட்சம் 200 வெள்ளி என்று கொடுத்தார்கள். அதற்கு விண்ணப்பம் எதுவும் போட வேண்டியதில்லை.

அப்பா அம்மாவுக்கான கழிவில் என்ன நிபந்தனை?

ரிலீஃப், ரிலீஃப் என்று பேசிக்கொள்வார்களே, அந்தக் கழிவுகளில் அதிகமாகத் தகராறு வருவது இதில்தான். அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

பெற்றோருக்கு 55 வயது ஆகியிருக்க வேண்டும், உடற்குறை உள்ளவராக இருந்தால் வயது பார்ப்பதில்லை. சிங்கப்பூரில் வசிக்க வேண்டும். அவருடைய சொந்த ஆண்டு வருமானம் 8,000 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. முன்பு இது 4,000 வெள்ளியாக இருந்தது, 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து உயர்த்தினார்கள். ஆகவே, முன்பு பகுதிநேர வேலையால் தகுதி இழந்த அம்மாவுக்கு இப்போது தகுதி வந்திருக்கலாம், பாருங்கள். ஒரே வீட்டில் இருந்தால் ஒருவருக்கு 9,000 வெள்ளி. தனி வீட்டில் இருந்தால் 5,500, அதற்கு அந்த வருடத்தில் அவர்களுக்காகக் குறைந்தது 2,000 வெள்ளியாவது நீங்கள் செலவழித்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கு மேல் எடுக்க முடியாது. மாமனார் மாமியாரும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

தகராறு எங்கே என்றால், ஒரு அம்மாவுக்கு ஒரு கழிவுதான். அண்ணன் முழுசாக எடுத்துவிட்டு, தம்பியும் முழுசாக எடுத்தால் சும்மா விடமாட்டார்கள், இரண்டு பேருக்கும் கடிதம் வரும். பிள்ளைகள் பேசி வைத்துக்கொண்டு பங்கு போட்டுக்கொள்ளலாம், ஆளுக்குப் பாதி என்றோ வேறு விகிதத்திலோ. யாருக்கு வருமானம் அதிகமோ அவரே முழுசாக எடுத்துக்கொண்டால் குடும்பத்துக்கு லாபம் அதிகம். ஆனால் அதைப் பொங்கல் விருந்திலேயே பேசி முடித்துவிடுவது நல்லது, ஏப்ரல் 17 அன்று போனில் பேசினால் வேறு பழைய கணக்குகளும் வெளியே வரும்.

பெற்றோர் தஞ்சாவூரில் இருக்கிறார்கள். மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். கழிவு உண்டா?

இல்லை. அவர்கள் இங்கே வசிக்க வேண்டும். எத்தனை ஆயிரம் அனுப்பினாலும் இந்தக் கழிவில் சேராது.

பிள்ளைகளுக்கு? மனைவிக்கு? பணிப்பெண் வரிக்கு?

ஒரு பிள்ளைக்கு 4,000 வெள்ளி. பிள்ளை 16 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது முழுநேரமாகப் படிக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். வேலைக்குப் போகாத மனைவிக்கோ கணவருக்கோ 2,000. வேலைக்குப் போகும் தாய்மார்களுக்குத் தனிக் கழிவு உண்டு: 2024 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளை என்றால் முதல் பிள்ளைக்கு 8,000, இரண்டாவதற்கு 10,000, மூன்றாவதிலிருந்து 12,000 வெள்ளி. அதற்கு முன் பிறந்த பிள்ளைகளுக்குத் தாயின் வருமானத்தில் விழுக்காட்டுக் கணக்கு, 15, 20, 25 என்று. அதிகச் சம்பளம் வாங்கும் தாய்மாருக்குப் பழைய கணக்குத்தான் லாபம், குறைந்த சம்பளக்காரருக்குப் புதியதுதான் லாபம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்ப வேண்டாம், பிள்ளை பிறந்த தேதிதான் முடிவு செய்கிறது.

பணிப்பெண் வரிக்கான, அதாவது பணிப்பெண் வைத்திருப்பதற்காக அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வைக்கான, கழிவு 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்தே இல்லை. படிப்புக் கட்டணத்துக்கான கழிவும் 2026 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இல்லை. போன வருடங்களில் எடுத்தவர்கள் 'காணோமே' என்று தேட வேண்டாம்.

எல்லாக் கழிவும் சேர்ந்து 80,000 வெள்ளிக்கு மேல் போகாது.

போன வருடக் கழிவெல்லாம் தானாகவே திரையில் வந்திருக்கிறதே, அப்படியே அனுப்பலாமா?

இங்கேதான் நிதானம் வேண்டும். திரையில் அம்மா பெயர், பக்கத்தில் 9,000. மகன் பெயர், பக்கத்தில் 4,000. பார்க்க எல்லாம் சரிதான். ஆனால் மகன் போன ஜனவரியிலேயே பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போய்விட்டான். அம்மா தங்கச்சி வீட்டுக்குக் குடிபோய் ஒன்றரை வருடம் ஆகிறது. இதெல்லாம் இயந்திரத்துக்குத் தெரியாது. நீங்கள் 'சரி' என்று அழுத்தியதும் அது உங்கள் வாக்குமூலம் ஆகிவிடுகிறது. அவர்கள்தானே போட்டிருந்தார்கள் என்று பின்னால் சொல்ல முடியாது.

கோயிலுக்கும் சங்கத்துக்கும் நன்கொடை கொடுக்கிறேன். கழியுமா?

அரசாங்கத்திடம் பொதுநல அமைப்பு என்ற தகுதி பெற்ற அமைப்புக்குக் கொடுத்திருந்தால், கொடுத்ததில் இரண்டரை மடங்கு கழியும். 100 வெள்ளி கொடுத்தால் 250 வெள்ளி கழிவு. கொடுக்கும்போதே அடையாள அட்டை எண்ணைச் சொல்லிவிட்டால் தானாக ஏறிவிடும், ரசீதைத் தேட வேண்டியதில்லை. அந்தத் தகுதி இல்லாத இடத்தில் அர்ச்சனைச் சீட்டு வாங்கியதும் அன்னதானத்துக்குக் கொடுத்ததும் புண்ணியக் கணக்கில் சேரும், வரிக் கணக்கில் சேராது. ஊரில் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்ததும் அப்படித்தான்.

வரியைக் குறைக்க ஏப்ரலில் ஏதாவது செய்ய முடியுமா?

முடியாது. அதை டிசம்பர் 31க்குள் செய்திருக்க வேண்டும். மசேநிதியில் உங்கள் சிறப்பு அல்லது ஓய்வுக்காலக் கணக்கில் ரொக்கமாகப் போட்டால் 8,000 வெள்ளி வரை கழிவு. பெற்றோர், மாமனார் மாமியார் போன்றவர்கள் கணக்கில் போட்டால் இன்னும் ஒரு 8,000 வரை. எஸ்ஆர்எஸ் எனும் ஓய்வுக்காலத் துணைத் திட்டத்தில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வருடத்துக்கு 15,300 வரை போடலாம், வெளிநாட்டவர் 35,700 வரை.

என் கருத்தைக் கேட்டால், மேலே உதாரணத்தில் பார்த்ததுபோல் வரி 438 வெள்ளி வருகிற ஆள் இதற்காக ஓடக் கூடாது. மசேநிதியில் இப்படிப் போட்ட பணத்தை நினைத்தபோது திரும்ப எடுக்க முடியாது, எஸ்ஆர்எஸ்ஸிலிருந்து முன்கூட்டியே எடுத்தால் 5 விழுக்காடு அபராதம், எடுத்த தொகைக்கு வரியும் உண்டு. 11.5 விழுக்காட்டுப் படியைத் தாண்டியவர்களுக்குத்தான் இது பேசத் தகுந்த விஷயம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறேன். சொல்லணுமா?

சொல்லணும். ஒரே ஓர் அறைதானே என்று விடக் கூடாது. மாதம் 900 வெள்ளி என்றால் வருடத்துக்கு 10,800. இதில் 15 விழுக்காட்டை, அதாவது 1,620 வெள்ளியை, ரசீதே இல்லாமல் செலவு என்று கழிக்கலாம். வீட்டுக் கடனின் வட்டியைத் தனியாகக் கழிக்கலாம், ஆனால் முழு வட்டியையும் இல்லை, எத்தனை அறையில் எத்தனை அறையை விட்டீர்களோ அந்த அளவுக்கு. அசலைக் கழிக்க முடியாது. கணவன் மனைவி இருவர் பேரிலும் வீடு இருந்தால் உரிமைப் பங்கின்படி வாடகையும் இருவர் கணக்கிலும் பிரியும். சம்பளம் குறைந்தவர் பேரில் முழுசாகக் காட்டுகிற சாமர்த்தியம் எடுபடாது.

வீட்டில் தமிழ் டியூஷன் எடுக்கிறேன், கூடவே தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் ஆர்டர் எடுக்கிறேன். இது தொழிலா?

தொழில்தான். பரதநாட்டிய வகுப்பு, மருதாணி, பிளவுஸ் தைப்பது, பேநவ் எனும் கைப்பேசிப் பணமாற்றுச் சேவையில் 'ஆன்ட்டி முறுக்கு' என்ற குறிப்போடு வரும் பணம், எல்லாமே. பதிவு செய்த கடை இருந்தால்தான் தொழில் என்று இல்லை. வந்த மொத்தம், அதிலிருந்து தொழிலுக்கே ஆன செலவு (மாவு, எண்ணெய், டப்பா, அச்சடித்த பயிற்சித் தாள்), மிச்சம் நிகர வருமானம். வருடத்துக்கு 200,000 வெள்ளி வரை வரவு உள்ளவர்கள் மொத்த வரவு, சரிக்கட்டிய லாபம் (தொழில் செலவு போக மிச்சம்) என்று இரண்டு தொகைகளைப் போட்டால் போதும். வீட்டுக்கு வாங்கிய அரிசியையும் முறுக்குக் கணக்கில் எழுதாதீர்கள்.

நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் (மசேநிதியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கட்டச் சொல்லியும் அறிவிப்பு வரும். அதைப் பார்த்துத்தான் பலர் திடுக்கிடுகிறார்கள், வரியைப் பார்த்து அல்ல. அந்தப் பணம் உங்கள் கணக்குக்குத்தான் போகிறது, வந்து 30 நாளில் கட்டிவிடுங்கள்.

டாக்சி, தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்கு?

செலவுக்கு ஒவ்வொரு பெட்ரோல் ரசீதாகச் சேர்க்கலாம், அல்லது மொத்த வருமானத்தில் 60 விழுக்காட்டைச் செலவு என்று ஒரேயடியாகக் கழித்துக்கொள்ளலாம். 60,000 வெள்ளி ஓட்டியிருந்தால் 36,000 கழிந்து 24,000தான் கணக்கில் வரும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது வழியே நிம்மதி. செயலி நிறுவனங்கள் அனுப்பும் வருமானம் தானாக ஏறியிருக்கும், உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். காப்புறுதி, வீட்டு முகவர்கள் போன்ற கமிஷன்காரர்களுக்கும் இப்படி ஒரு வழி உண்டு: வருடக் கமிஷன் 50,000 வெள்ளிக்குள் என்றால் 25 விழுக்காடு.

எதற்கெல்லாம் வரி இல்லை?

வங்கி வட்டி, சிங்கப்பூர் நிறுவனப் பங்குகளின் ஈவுத்தொகை, 4டி, டோட்டோ லாட்டரிப் பரிசு, மசேநிதி லைஃப் எனும் ஓய்வுக்கால மாதத்தொகை. ஆட்குறைப்பின்போது வேலை போனதற்காகக் கொடுக்கும் இழப்பீட்டுக்கு வரி இல்லை, ஆனால் அதோடு சேர்த்துக் கொடுக்கும் முன்னறிவிப்புக் காலச் சம்பளத்துக்கு உண்டு. போனஸுக்கும் உண்டு.

ஊரில் வீட்டு வாடகை வருகிறது, அதை இங்கே கொண்டுவந்தால்?

தனிநபர் வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை இங்கே கொண்டுவந்தால் பொதுவாக வரி இல்லை. கூட்டு வணிகம் மூலமாக வந்தால் கதை வேறு. அந்த வாடகைக்கு இந்தியாவில் வரி கட்டுவது தனி விஷயம், அங்கே பெரும்பாலானவர்களுக்குக் கெடு ஜூலை 31. இங்கே முடித்துவிட்டோம் என்று அதை மறக்காதீர்கள். சிங்கப்பூர் கம்பெனிக்காகச் சென்னைக்கு இரண்டு மாதம் அலுவலாகப் போய் வந்த சம்பளம் மட்டும் இங்கத்திய வருமானம்தான்.

போன அக்டோபரில்தான் வந்தேன். 15 விழுக்காடு கட்டணும் என்று பயமுறுத்துகிறார்கள்.

ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாள் இங்கே இருந்தாலோ வேலை செய்தாலோ வசிப்பவர் கணக்கு, படிப்படியான விகிதம், கழிவுகள் எல்லாம் கிடைக்கும். அதற்குக் குறைந்தால் வசிக்காதவர், சம்பளத்துக்கு 15 விழுக்காடு அல்லது வசிப்பவர் விகிதம், இரண்டில் எது அதிகமோ அது. ஆனால் வேலை இரண்டு ஆண்டுகளில் தொடர்ச்சியாக நீண்டு, மொத்தம் 183 நாள் ஆகிவிட்டால் இரண்டு ஆண்டுக்குமே வசிப்பவராக எடுத்துக்கொள்வார்கள். அக்டோபரில் வந்து அடுத்த வருடமும் அதே வேலையில் தொடர்கிறவருக்கு இது பொருந்தும், பயம் வேண்டாம். நடுவில் வேலையை விட்டுப் போய்விட்டால்தான் கணக்கு மாறும்.

ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்கு?

பெரும்பாலும் 22,000க்குக் கீழே என்பதால் வரி வராது. ஓவர்டைம் சேர்ந்து மாதம் 1,900 வெள்ளி வந்தால் வருடத்துக்கு 22,800, அப்போது தாக்கல் செய்ய வேண்டும். வரியோ 36 வெள்ளிதான்: 1,000 கழிவு போக 21,800, அதில் 20,000க்கு மேல் உள்ள 1,800க்கு 2 விழுக்காடு. இதற்கு யாராவது 50 வெள்ளி வாங்கிக்கொண்டு 'நான் போட்டுத் தருகிறேன்' என்று சிங்பாஸ் கேட்டால் கொடுக்காதீர்கள். தாக்கலுக்குக் கட்டணமே கிடையாது. கூட உட்கார்ந்து காட்டச் சொல்லுங்கள், கடவுச்சொல்லை மட்டும் தராதீர்கள்.

வேலையை விட்டு ஊருக்கே திரும்புகிறேன். கடைசி மாதச் சம்பளத்தைக் கம்பெனி பிடித்து வைத்திருக்கிறது. இது நியாயமா?

சட்டமே அப்படித்தான். குடியுரிமை இல்லாதவர் வேலையை விட்டாலோ நாட்டை விட்டுப் போனாலோ கம்பெனி ஐஆர்21 என்ற வரி முடிப்புப் படிவத்தைக் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பி, கொடுக்க வேண்டிய பணத்தை எல்லாம் நிறுத்தி வைக்க வேண்டும். ஐராஸ் வரியைக் கணக்கிட்டுச் சொன்னதும் அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். மலேசியர்களுக்கும் இதே விதிதான். இங்கேயே வேறு கம்பெனிக்கு மாறினாலும் ஒர்க் பாஸ்காரர்களுக்கு இது உண்டு. கடைசி மாதத்துக்குக் கையில் கொஞ்சம் காசு வைத்துக்கொண்டு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். விமான டிக்கெட், சாமான் அனுப்புவது எல்லாம் அந்த மாதத்தில்தான் வரும்.

அனுப்பிய பிறகு தப்பு தெரிந்தது. இப்போது?

அனுப்பிய 7 நாளுக்குள், அல்லது ஏப்ரல் 18க்குள், எது முதலில் வருகிறதோ அதற்குள் ஒரே ஒருமுறை மறுபடியும் தாக்கல் செய்யலாம். புதிதாக அனுப்புவது பழையதை அழித்துவிடும், அதனால் மாறியதை மட்டும் போடாமல் எல்லாவற்றையும் போடுங்கள். அந்த நேரமும் தாண்டினால், பில் வந்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

வருமானத்தைக் குறைத்துக் காட்டிவிட்டீர்கள் என்றால் அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். தாக்கல் கெடுவிலிருந்து ஒரு வருடத்துக்குள் தானாக முன்வந்து சொன்னால் பொதுவாக அபராதம் இல்லை. அவர்களாகக் கண்டுபிடித்தால், விட்டுப்போன வரியைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் போகலாம். வேண்டுமென்றே ஏய்த்தது என்றால் நான்கு மடங்கு வரை, சிறையும் உண்டு.

ஏப்ரல் 18 தாண்டிவிட்டது!

இன்றைக்கே போடுங்கள். தாமதக் கட்டணம் 5,000 வெள்ளி வரை விதிக்கலாம். அதற்கும் அசையாவிட்டால், ஐராஸே உங்கள் வருமானத்தை உத்தேசமாக வைத்து பில் அனுப்பும். உத்தேசம் தாராளமாகத்தான் இருக்கும், நமக்குச் சாதகமாக இருக்காது. தொகை தப்பு என்றாலும் ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டுத்தான் திருத்தம் கேட்க வேண்டும். அடுத்து நீதிமன்ற அழைப்பாணை. முதல் கடிதத்திலேயே பேசிவிட்டால் இவ்வளவு தூரம் போகாது.

பில் எப்போது வரும்? எப்படிக் கட்டுவது?

ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை எப்போது வேண்டுமானாலும். நண்பருக்கு மே மாதமே வந்துவிட்டது, எனக்கு வரவில்லை என்று பதற வேண்டாம். பில் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும், ஆட்சேபம் போட்டிருந்தாலும் கட்ட வேண்டும். பேநவ், ஏஎக்ஸ்எஸ் (பில் கட்டும் இயந்திரம்) எல்லாம் ஏற்பார்கள். ஆனால் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஜைரோ போட்டுக்கொண்டால் வட்டியில்லாமல் 12 மாதத் தவணை வரை கிடைக்கும், இதைவிட நல்ல கடன் ஊரில் இல்லை. சீக்கிரம் விண்ணப்பித்தால்தான் முழு 12 தவணை, தாமதித்தால் தவணை எண்ணிக்கை குறையும். கணக்கில் பணம் இல்லாமல் ஜைரோ திரும்பிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெடுவுக்குள் கட்டாவிட்டால் 5 விழுக்காடு அபராதம், அப்புறம் மாதாமாதம் 1 விழுக்காடு, 12 விழுக்காடு வரை. அதற்கும் மேல் வங்கியிடமோ முதலாளியிடமோ உங்கள் வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவரிடமோ நேரடியாகப் பணத்தைப் பிடிக்கச் சொல்லவும், நாட்டை விட்டுப் போகாமல் தடுக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

'வரி திரும்பக் கிடைக்கும், இங்கே அழுத்தவும்' என்று எஸ்எம்எஸ் வந்தது.

அழுத்தாதீர்கள். ஐராஸ் உள்ளிட்ட அரசாங்க அமைப்புகளின் எஸ்எம்எஸ், சில விதிவிலக்குகள் தவிர, 2024 ஜூலையிலிருந்து கவ்.எஸ்ஜி (gov.sg) என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. வரி அதிகாரி போனில் வங்கி விவரம் கேட்க மாட்டார், பணத்தை மாற்றச் சொல்லவும் மாட்டார். சந்தேகம் இருந்தால் நீங்களாகவே மைடாக்ஸ் போர்ட்டலுக்குப் போய்ப் பாருங்கள், உண்மையான கடிதம் என்றால் அங்கேயும் இருக்கும்.

ரசீதுகளை எத்தனை வருடம் வைத்திருக்கணும்?

தொழில் கணக்கு, வாடகை ஒப்பந்தம், செலவு ரசீது எல்லாம் 5 வருடம். கைப்பேசியில் படம் எடுத்து வைத்தாலும் சரிதான். வெப்பத் தாளில் அச்சடித்த ரசீது ஆறே மாதத்தில் வெளுத்துப் போகும் என்பதால், அதை வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.